சும்மா கிண்டலுக்கு: ஷான் மாஸி விவகாரம், 2011

2011 ஜனவரி 22, சனிக்கிழமை. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் இருக்கும் மாலினியூ மைதானத்தில் உள்ளூர் அணியான வுல்வ்ஸுக்கும் லிவர்பூலுக்கும் மதிய ஆட்டம். பந்தை இன்னும் யாரும் தொடவில்லை. நேரலைக்கு வெளியே, மைக் மட்டும் திறந்திருந்த இடைவெளியில், ஸ்கை ஸ்போர்ட்ஸின் தொகுப்பாளர் ரிச்சர்ட் கீஸும் வர்ணனையாளர் ஆண்டி கிரேயும் அன்றைய உதவி நடுவரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். உதவி நடுவர் (மைதான ஓரத்தில் கொடியோடு ஓடி ஆஃப்சைடு பார்ப்பவர்) ஒரு பெண், பெயர் ஷான் மாஸி, வயது 25.

யாராவது கீழே போய் அந்தம்மாவுக்கு ஆஃப்சைடு என்றால் என்ன என்று விளக்கிச் சொல்லுங்கள் என்கிறார் கீஸ். நம்ப முடிகிறதா, பெண் லைன்ஸ்மேன், பெண்களுக்கு ஆஃப்சைடு விதி தெரியாது என்கிறார் கிரே. தெரியவே தெரியாது என்று ஒத்து ஊதிவிட்டு கீஸ் இன்னொன்றும் சொல்கிறார்: இன்றைக்கு ஒரு பெரிய தவறு நடக்கும், அதற்கு நான் கேரண்டி, கென்னி கொதிக்கப்போகிறார். (கென்னி என்றால் கென்னி டால்க்லீஷ், லிவர்பூல் மேனேஜர்.) பேச்சு அப்படியே 1997-இல் இங்கிலாந்தின் உச்ச லீகான பிரீமியர் லீகில் முதன்முதலாகக் கொடி பிடித்த பெண்ணான வெண்டி டாம்ஸ் பக்கம் போகிறது. அப்புறம் வெஸ்ட் ஹாம் கிளப்பின் துணைத் தலைவர் கேரன் பிரேடி பக்கம். கால்பந்தில் பெண்களை நடத்தும் விதம் பற்றி பிரேடி அன்று காலைதான் பத்திரிகையில் எழுதியிருந்தார். ஆட்டமே பைத்தியமாகிவிட்டது என்பது கீஸின் தீர்ப்பு.

யார் இவர்கள்? 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கிய நாளிலிருந்து ஸ்கையின் கால்பந்து முகமே இந்த இரண்டு பேர்தான். இங்கிலாந்தில் ஒரு முழுத் தலைமுறை கால்பந்தை இவர்கள் குரலில்தான் கேட்டு வளர்ந்தது. கிரே 1977-இல் ஒரே ஆண்டில் சிறந்த வீரர், சிறந்த இளம் வீரர் என்று சக வீரர்கள் தரும் இரண்டு விருதுகளையும் வாங்கியவர். பிறகு பிரிட்டனிலேயே அதுவரை இல்லாத தொகைக்கு இதே வுல்வ்ஸ் அவரை வாங்கியது, 1980 லீக் கோப்பை இறுதியில் வெற்றிக் கோலையும் அவர்தான் போட்டார். அதாவது அந்த மைதானத்துக்கே அவர் பழைய ஹீரோ. கீஸ் கோவென்ட்ரி ஊர்க்காரர், மாஸியும் அதே ஊர்தான், அங்கே உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே நடுவராக மேலே வந்தவர். ஃபிஃபாவின் சர்வதேசப் பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தார். ஆனால் ஆண்கள் பிரீமியர் லீகில் கொடி பிடிக்கத் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அவர்கள் பேசியதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஆஃப்சைடு ஜோக் இல்லை. அது சிரிப்பே வராத பழைய சரக்கு, எத்தனையோ பப்களில் புளித்துப்போனது. உறுத்துவது அந்த 'கேரண்டி'தான். ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் தப்பு செய்வார் என்று முடிவு எழுதி வைத்தாகிவிட்டது. எழுதி வைத்தவர்கள் யார்? அடுத்த 90 நிமிடங்களுக்கு அவருடைய ஒவ்வொரு முடிவையும் ஸ்லோ மோஷனில் திரும்பத் திரும்பப் போட்டு, சரியா தப்பா என்று ஊருக்குச் சொல்லப்போகிறவர்கள். பரீட்சைத் தாள் திருத்துகிறவரே, எழுதும் பெண் ஃபெயில் என்று ஹாலுக்கு வெளியே பந்தயம் கட்டிவிட்டு உள்ளே வருவது போல.

இனி அந்த வேலை என்ன என்று பார்ப்போம். ஆஃப்சைடு விதியை வாயால் சொல்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பந்து பாஸ் செய்யப்படும் அந்தக் கணத்தில் தாக்குபவர் எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி, கோலுக்கு நெருக்கமாக இருந்து, ஆட்டத்திலும் பங்கெடுத்தால் ஆஃப்சைடு. அவ்வளவுதான். அதைக் களத்தில் பார்ப்பதுதான் கஷ்டம். பாஸ் ஓரிடத்தில் கிளம்புகிறது, ஓட்டம் இன்னோரிடத்தில் நடக்கிறது, இரண்டையும் ஒரே கணத்தில் பிடிக்க வேண்டும். தடுப்பாட்டக்காரர்கள் ஒரு திசையில் மேலேறி வர, தாக்குபவர் எதிர்த்திசையில் பாய்கிறார், அரை நொடியில் இருவருக்கும் இடையே சில மீட்டர் விழுந்துவிடுகிறது. உதவி நடுவர் தடுப்பு வரிசைக்கு நேராகவே பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஒரு கஜம் பின்தங்கினாலும் கோணம் ஏமாற்றிவிடும். இன்று பிரீமியர் லீகில் வீடியோ நடுவர் இருக்கிறார், கோடு போட்டுப் பார்த்துத் திருத்தலாம். அந்த வசதி வந்தது 2019-இல். 2011-இல் கொடிதான் கடைசி வார்த்தை.

முதல் பாதியில் அந்தச் சோதனை வந்தது. லிவர்பூலின் ரவுல் மெய்ரெலஸ் தடுப்பு வரிசையை உடைத்துக்கொண்டு பந்தை வாங்கிக் குறுக்கே தள்ள, ஃபெர்னாண்டோ டாரஸ் வலைக்குள் தட்டிவிட்டார். பார்த்தவுடன் மெய்ரெலஸ் ஆஃப்சைடு போலத்தான் தெரிந்தது. சொந்த ஊர் ரசிகர்கள் எதிர்பார்ப்பது கொடி உயர்வதை. கொடி உயரவில்லை. ரீப்ளேயில் பார்த்தால் மெய்ரெலஸ் நூலிழையில் சரியான இடத்தில்தான் நிற்கிறார். கோல் செல்லும். லிவர்பூல் 3-0 என்று ஜெயித்தது, கென்னி கொதிக்க எந்தக் காரணமும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு 'மெயில் ஆன் சண்டே' பத்திரிகையில் வந்துவிட்டது. திங்கள் இரவு ஒளிபரப்பிலிருந்து இரண்டு பேரையும் ஸ்கை தள்ளி வைத்தது. ஸ்கை ஸ்போர்ட்ஸின் நிர்வாக இயக்குநர் பார்னி ஃபிரான்சிஸ், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதை மன்னிக்க முடியாது என்று அறிக்கை விட்டார். கீஸ் மாஸிக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். அத்தோடு முடிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. எச்சரிக்கை, சில வாரம் ஓய்வு, பிறகு வழக்கம்போல மறுபடி திரைக்கு வந்திருப்பார்கள்.

முடியாமல் போனதற்குக் காரணம் அடுத்தடுத்து வந்த டேப்புகள். அதே மாலினியூ நாளில் கிரேயும் களநிருபர் ஆண்டி பர்ட்டனும் மாஸி பார்க்க எப்படி இருக்கிறார் என்று பேசிக்கொண்டது ஒன்று. முந்தைய டிசம்பரில் ஸ்டுடியோவில் சக தொகுப்பாளர் சார்லட் ஜாக்சனைப் பார்த்து, தன் கால்சட்டைப் பக்கம் காட்டி, மைக்கை இங்கே செருகிவிடம்மா என்று கிரே கேட்டது இன்னொன்று. செவ்வாய்க்கிழமை கிரே வேலைநீக்கம். பிறகு கீஸ், முன்னாள் வீரரும் ஸ்கையின் விமர்சகருமான ஜேமி ரெட்நாப்பிடம் ஒரு பெண்ணைப் பற்றி, ஏதோ சாமான் உடைப்பதைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆபாசமாக விசாரிக்கும் டேப். புதன்கிழமை கீஸ் டாக்ஸ்போர்ட் வானொலிக்குப் போய் நீண்ட நேரம் விளக்கம் கொடுத்தார். தங்கள் கிண்டல் கற்காலத்துக் கிண்டல், இன்றைய உலகத்துக்கு ஒத்துவராது என்று ஒப்புக்கொண்ட அதே வாயால், இதன் பின்னால் இருண்ட சக்திகள் வேலை செய்கின்றன என்றும் சொன்னார். மாஸியோடு தொலைபேசியில் கிண்டலும் கேலியுமாகவே பேசிக்கொண்டதாகவும் சொன்னார். கிண்டலுக்கு மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் கிண்டல்! அன்று மாலையே ராஜினாமா.

இருண்ட சக்திகள் என்பதை ஒரேயடியாகச் சிரித்துத் தள்ளவும் முடியாது, நியாயமாகப் பார்த்தால். தன் செல்போன் செய்திகளை ஒட்டுக்கேட்டதாக 'நியூஸ் ஆஃப் த வேர்ல்டு' பத்திரிகை மீது கிரே அப்போது வழக்குத் தொடர்ந்திருந்தார். அந்தப் பத்திரிகையின் முதலாளியான ரூப்பர்ட் மர்டாக்கின் நிறுவனம்தான் ஸ்கையிலும் 39 சதவீதப் பங்கு வைத்திருந்தது, மீதியையும் வாங்க அந்த நேரத்தில் முயன்றுகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூனில் கிரேக்கு 20,000 பவுண்டு நஷ்டஈடும் கிடைத்தது. ஆக, டேப் வெளியே வந்ததற்குப் பின்னால் யாருக்காவது கணக்குத் தீர்க்கும் ஆசை இருந்திருக்கலாம் என்று சந்தேகப்பட அவருக்குக் காரணம் இருந்தது. சரி, இருக்கட்டும். டேப்பைக் கசியவிட்டவர் மனசு எவ்வளவு கோணலாக இருந்தாலும் டேப்பில் இருக்கும் குரல் அவர்களுடையதுதானே.

டேப்பைக் கசியவிட்டது யார், ஏன் என்ற கேள்வியில் எல்லோரும் மூழ்கியதால் இன்னொன்று விட்டுப்போனது. ஒரு பெரிய கால்பந்து ஒளிபரப்பில் நேரலைக்கு வெளியே பேசுவது நான்கு சுவருக்குள் பேசுவது ஆகாது. மைக் திறந்திருந்தால் ஒளிபரப்பு வேனில், கட்டுப்பாட்டு அறையில், தலைமையகத்தில் எத்தனையோ பேர் காதில் விழுகிறது. டிசம்பரில் நடந்தது டிசம்பரிலேயே பதிவாகியிருக்கிறது. யாரோ கேட்டிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு அது குற்றமாகத் தெரியவில்லை. பத்திரிகையில் வந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கை காட்டிய கோபம் பொய் என்று சொல்லவில்லை, ரொம்ப லேட்டாக வந்த கோபம் என்கிறேன்.

மாஸிக்கு என்ன ஆனது? செவ்வாய்க்கிழமை, கிரேயின் வேலை போன அதே நாள், நான்காம் அடுக்கு லீகில் க்ரூவுக்கும் பிராட்ஃபோர்டுக்கும் நடந்த ஆட்டத்தில் அவர் கொடி பிடித்திருக்க வேண்டும். நடுவர்கள் அமைப்பு அவரை அதிலிருந்து விலக்கியது. கவனம் ஆட்டத்தின் மீது இருக்க வேண்டும், நடுவர் மீது இருக்கக் கூடாது என்பது காரணம். நல்லெண்ணத்தில் செய்ததுதான், கேமராக்காரர்கள் அவரையே துரத்தியிருப்பார்கள். அந்த வாரம் டேப்ளாய்டுகள் அவர் நண்பர்களோடு நடனமாடும் பழைய படங்களைத் தோண்டி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. 'அவருக்கு நேர்ந்த அவமானம்' என்று தலைப்பு, கீழே அந்தப் படம்! ஒரு தப்பும் செய்யாதவர், கஷ்டமான ஒரு முடிவைச் சரியாக எடுத்தவர், அடுத்த ஆட்டத்தை இழந்தார். அந்தச் சனிக்கிழமை மைதானத்தில் இருந்தவர்களிலேயே வேலையை ஒழுங்காகப் பார்த்ததற்காகத் தண்டனை அனுபவித்தவர் அவராகத்தான் இருக்கும்.

அவருக்காகப் பரிந்து பேசியவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அந்த வாரம் எங்கே திரும்பினாலும் ஒரே வாதம்: பாருங்கள், அவர் எடுத்த முடிவு சரி, ரீப்ளே பாருங்கள், கீஸும் கிரேயும் மூக்குடைபட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெய்ரெலஸின் கால் இன்னும் கொஞ்சம் முன்னால் இருந்து, கொடி கீழேயே இருந்திருந்தால்? அப்போது கீஸின் கேரண்டி பலித்திருக்கும். டேப் வெளியே வந்திருந்தாலும் பாதிப் பேர், பேசிய விதம் தப்பு, ஆனால் விஷயம் உண்மைதானே என்று இழுத்திருப்பார்கள். அவர் மதிப்பாக நடத்தப்படும் உரிமையே ஒரு பூட்ஸ் முனையின் அளவைப் பொறுத்துத் தொங்கியது என்றால் அது என்ன பாதுகாப்பு?

ஆண் நடுவர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அதற்கு ஏழு மாதம் முன்பு, 2010 ஜூன் 27 அன்று, தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் ஒரே நாளில் இரண்டு அசிங்கம் நடந்தது. இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் ஜெர்மனிக்கு எதிராக அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது, கோல் தரவில்லை. அன்று இரவே அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸ், மெக்சிகோவுக்கு எதிராக அப்பட்டமான ஆஃப்சைடில் நின்று தலையால் முட்டினார், கோல் கொடுத்தார்கள். மைதானத் திரையில் ரீப்ளே ஓடியதைப் பார்த்து மெக்சிகோ வீரர்கள் கத்தியும் மாறவில்லை. இரண்டு ஆட்டத்திலும் நடுவர்கள் எல்லோரும் ஆண்கள். இங்கிலாந்தே கொதித்தது, தொழில்நுட்பம் வேண்டும் என்றார்கள், அந்தந்த நடுவர்களைத் திட்டினார்கள். ஆண்களுக்கு ஆஃப்சைடு தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆண் தப்பு செய்தால் தப்பு அவனோடு போய்விடுகிறது. பெண் செய்தால் அவர் பின்னால் வரப்போகிற அத்தனை பெண்களின் தலையிலும் ஏறுகிறது.

நான் ஊகமாகச் சொல்லவில்லை, 2006 நவம்பரில் இது நடந்தது. லூட்டன் டவுன் கிளப்பின் மேனேஜர் மைக் நியூவெல், க்யூ.பி.ஆர். அணியிடம் தோற்ற பிறகு, தங்களுக்கு ஒரு பெனால்டி கிடைக்கவில்லை என்ற கோபத்தில் உதவி நடுவர் ஏமி ரேனர் மீது பாய்ந்தார். பாய்ந்தது முடிவின் மீது மட்டும் என்றால் விட்டுவிடலாம், மேனேஜர்கள் வாரா வாரம் செய்வதுதான். இது பூங்காவில் ஆடும் ஆட்டமில்லை, இங்கே பெண்களுக்கு என்ன வேலை என்று மைக் முன்னாலேயே கேட்டார். தான் பெண்களை மட்டமாகப் பார்ப்பவன்தான் என்றும் கூச்சமில்லாமல் சேர்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் 6,500 பவுண்டு அபராதம் போட்டது. அந்தச் சங்கத்தின் பழைய கணக்கும் சுத்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1920 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் கூடினார்கள். அடுத்த டிசம்பரிலேயே, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதில்லை என்று சொல்லித் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது இதே சங்கம். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது. வாய்ப்பை அடைத்துவிட்டு, அனுபவம் இல்லை, விதி தெரியாது என்று கிண்டல் பண்ணுவது எவ்வளவு சௌகரியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாரம் நான் மனசாரச் சிரித்தேன். கென்னி கொதிப்பார் என்றார் அல்லவா கீஸ்? கென்னியின் மகள் கெல்லி, தானே ஸ்கையில் கால்பந்துத் தொகுப்பாளராக இருந்தவர். அவர் ட்விட்டரில் எழுதினார்: ஆஃப்சைடு விதி என்று ஏதோ படித்தேன், களைத்துப்போனேன், என் சின்ன மூளைக்கு இது தாங்காது, நெயில் பாலிஷ் வாசனையால் மூளை கெட்டிருக்கும். கிண்டல் என்றால் இது கிண்டல். தன்னைவிட அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்து, ஊரறிய, தன் பெயரைப் போட்டுச் சொன்னது. அந்தக் கெல்லி கேட்ஸ்தான் 2025-இல் பிபிசியின் 'மேட்ச் ஆஃப் த டே' நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களில் ஒருவரானார்.

கேரன் பிரேடியும் இப்படித்தான். 23 வயதில் பர்மிங்ஹாம் சிட்டியின் நிர்வாகியானபோது, கிளப் பேருந்தில் ஒரு வீரர், அந்தச் சட்டையில் உங்கள் மார்பு தெரிகிறது என்றாராம். உன்னை க்ரூவுக்கு விற்றுவிட்டால் அங்கேயிருந்து உனக்குத் தெரியாது என்று பதில் சொல்லி, ஆளை விற்றும்விட்டதாக பிரேடியே பலமுறை சொல்லியிருக்கிறார். ரசிக்கலாம்தான். ஆனால் அவரிடம் விற்கும் அதிகாரம் இருந்தது. மைதான ஓரத்தில் கொடியோடு நிற்கும் உடற்கல்வி ஆசிரியையிடம் என்ன இருந்தது? நீயும் திருப்பிக் கிண்டல் பண்ணிவிட்டுப் போயேன் என்று சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிப்பதே இல்லை.

கீஸும் கிரேயும் ஒரு மாதத்துக்குள் டாக்ஸ்போர்ட்டில் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார்கள், பிறகு கத்தாரின் தோஹாவில் விளையாட்டுச் சேனலில் பல ஆண்டுகள். பட்டினி கிடக்கவில்லை. மாஸி அடுத்த வாரமே கீழ் லீக் ஒன்றில் கொடியோடு வந்து நின்றார், அப்புறம் பிரீமியர் லீகிலேயே வழக்கமான முகமானார். 2017-இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது. 2019-இல் ஆண்கள் யூரோப்பா லீக் ஆட்டத்துக்கும் போனார். 2020 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி-ஆர்சனல் ஆட்டத்தில், ஒரு த்ரோ-இன் முடிவு பிடிக்காத சிட்டி வீரர் செர்ஹியோ அகுவேரோ அவர் தோளில் கை போட்டு அழுத்தினார். மாஸி அந்தக் கையை விலக்கிவிட்டு நகர்ந்தார். அகுவேரோ ரொம்ப நல்ல பையன் என்று மேனேஜர் பெப் கார்டியோலா சொன்னார், தண்டனை ஏதும் வரவில்லை. பெண்ணொருவர் நடு நடுவராக விசில் ஊதிய முதல் பிரீமியர் லீக் ஆட்டம் 2023 டிசம்பர் 23 அன்று நடந்தது: ஃபுல்ஹாம்-பர்ன்லி, நடுவர் ரெபெக்கா வெல்ச். வெண்டி டாம்ஸ் கொடி பிடித்து 26 ஆண்டுகள் கழித்து.

ஸ்கை இரண்டு பேரை அனுப்பியதும் கால்பந்து திருந்திவிட்டது என்று அப்போது பலர் எழுதினார்கள். 2014 மே மாதம் அதற்குப் பதில் வந்தது. பிரீமியர் லீகின் தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஸ்கூடமோர், அலுவலக மின்னஞ்சலில் நண்பர்களோடு பெண்களைப் பற்றிப் பரிமாறிக்கொண்ட ஆபாசக் கிண்டல்கள் 'சண்டே மிரர்' பத்திரிகையில் வெளியாயின. அவற்றைப் பார்த்து அதிர்ந்து வெளியே சொன்னவர் அவருடைய தற்காலிக உதவியாளர், ஒரு பெண். ஸ்கூடமோர் மன்னிப்புக் கேட்டார். கால்பந்து சங்கம் அது தனிப்பட்ட கடிதப் போக்குவரத்து என்று ஒதுங்கியது. கிளப்புகள் கூடி, மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று முடிவு செய்தன. கிரேயும் கீஸும் சம்பளம் வாங்கும் ஆட்கள், ஒரு டிவி கம்பெனிக்கு அவர்களை மாற்றுவது சுலபம். ஸ்கூடமோர் கோடி கோடியாக ஒளிபரப்பு ஒப்பந்தம் பேசிக் கொடுப்பவர். 2018-இல் அவராகத்தான் விலகினார், 20 கிளப்புகளும் ஆளுக்கு 2,50,000 பவுண்டு போட்டு 50 லட்சம் பவுண்டு கொடுத்து வழியனுப்ப ஒப்புக்கொண்டன.